லாரிக்கு எது வழி?

மண்ணச்சநல்லூர் என்றதும் அரிசி ஆலைகள்தாம் நினைவுக்கு வரும். அங்கிருந்து ஒரு லாரி மூட்டைகளுடன் கோட்டயத்துக்குப் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். ஓட்டுபவர் தொழிலுக்குப் புதியவர். கைப்பேசியில் ஊர்ப் பெயரைச் சொல்கிறார்; திரையில் ஒரு நீலக்கோடு வந்துவிடுகிறது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய்விடலாமா? கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கைப்பேசிக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிடுவோம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் சைகைகள் கிடைத்தால் போதும். அவை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு, கைப்பேசி தான் நிற்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் கணித்துவிடும். இது வியக்கத்தக்க சாதனைதான். ஆனால் செயற்கைக் கோள் சொல்வது ‘நீ எங்கே இருக்கிறாய்’ என்பதை மட்டுமே. ‘எப்படிப் போவது’ என்பதைச் சொல்வது வரைபடமும் கணக்கும். நம் நாட்டில் பெரும்பாலோர் பயன்படுத்தும் கைப்பேசி வரைபடத்தில் கார், இருசக்கர வண்டி, பேருந்து, நடை என்று கேட்டு வழி பெறலாம். லாரி என்று கேட்க இடமில்லை! ஆக, நம் ஓட்டுநருக்குக் கிடைத்தது காருக்குப் போட்ட கோடு.

காருக்கும் லாரிக்கும் என்ன அப்படி வேறுபாடு? மூன்று அச்சு லாரி ஒன்று சுமையோடு 28.5 டன் வரை இருக்கலாம் என்று 2018-இல் விதி திருத்தப்பட்டது. முன்பு அது 25 டன். ஒரு கார் ஒன்று அல்லது ஒன்றரை டன். இந்த எடையை வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்போம்.

திருச்சியிலிருந்து கோட்டயத்துக்குக் குறுக்குவழி திண்டுக்கல், தேனி, கம்பம், குமுளி வழியாகப் போகிறது. குமுளி சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறுவதைவிட, அப்பால் இறங்குவதே பெரிய வேலை. 28,500 கிலோகிராம் பொருள் 800 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் எவ்வளவு? பள்ளியில் படித்த வாய்பாடுதான்: நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்குங்கள். ஏறத்தாழ 22 கோடி ஜூல் வரும். சுமார் 750 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் ஒரு பகுதியைக் காற்றும் சாலையும் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினும் நல்ல பங்கை வாங்கிக்கொள்ளும். புதியவர் கியரை மறந்து பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், எஞ்சியது முழுவதும் பிரேக்கில் வெப்பமாகிறது. சூடேறிய பிரேக்கில் உராய்வு குறைகிறது. மிதித்தாலும் வண்டி நிற்காது.

மற்றொரு வழி கரூர், கோயம்புத்தூர், பாலக்காடு, திருச்சூர் என்று சுற்றிக்கொண்டு போவது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டருகே இயற்கையே அகலமான ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. ரயில் பாதையும் அதன் வழியாகத்தான் போகிறது. மலைச் சாலையில் பழகும்வரை, முழுச் சுமையோடு போகும் புதிய ஓட்டுநர் இந்த நீண்ட வழியில் போவதே சரி என்பேன். டீசல் கூடுதலாகும், முதலாளி முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி வரைபடத்தின் வயதைப் பற்றி. மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கொள்ளிடத்தின் மேல் 1928-இல் கட்டிய பாலத்துக்குப் பதிலாக 2016-இல் புதுப் பாலம் வந்தது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பழைய பாலத்தின் தூண்கள் சில இடிந்து விழுந்தன. திருச்சி நகரையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 2022-23-இல் பழுதுபார்ப்பதற்காக மாதக்கணக்கில் மூடப்பட்டது. அச்சிட்ட படம் இதையெல்லாம் அறியாது; கைப்பேசிப் படமும் யாராவது சொன்னால்தான் அறியும். 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில், ராம்கங்கை ஆற்றின் மேல் அறுபட்டு நின்ற பாலத்திலிருந்து ஒரு கார் விழுந்து மூவர் மாண்டனர். கைப்பேசி காட்டிய வழியில் அவர்கள் சென்றதாகச் செய்திகள் வந்தன.

ஆகவே புதிய ஓட்டுநர் முதலில் பார்க்க வேண்டியது தம் வண்டியை. எடை மேடைச் சீட்டில் எத்தனை டன்? தார்ப்பாய் கட்டிய பின் உயரம் எவ்வளவு? அடுத்து, முழு வழியையும் ஒரே பார்வையில் காட்டும் பெரிய படம். பிறகு, அந்த வழியில் சென்ற வாரம் போய்வந்தவரிடம் ஐந்து நிமிடப் பேச்சு. எந்த ஊரில் பகலில் லாரியை விடமாட்டார்கள், எந்த ரயில்வே கீழ்ப்பாலத்தில் மழைநீர் தேங்கும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். கைப்பேசியின் முறை இவற்றுக்குப் பின்னர்தான். வழியில் நெரிசலைச் சொல்வதில் அதை மிஞ்ச ஆளில்லை.

உயரம், எடை, நீளம் ஆகியவற்றைக் கேட்டு லாரிக்கென்றே வழி சொல்லும் கருவிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்கின்றன. நம் நாட்டில் கருவி வந்தால் மட்டும் போதாது. நகைக்கடையையும் உணவு விடுதியையும் தவறாமல் காட்டும் வரைபடத்தில், கீழ்ப்பாலத்தின் உயரம் எத்தனை இடங்களில் இருக்கிறது? இதை நீங்களே குறிக்கலாம். 2004-இல் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்’ என்ற பொது வரைபடத்தில் எவரும் தகவல் சேர்க்கலாம். பாலத்தின் உயர வரம்பு, எடை வரம்பு ஆகியவற்றைக் குறிக்க அதில் தனி இடமே உண்டு. உங்கள் ஊர்க் கீழ்ப்பாலத்துக்கு ஆசிரியருடன், போக்குவரத்து ஓய்ந்த நேரத்தில் செல்லுங்கள். அறிவிப்புப் பலகையில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அளவு குறித்த மூங்கில் கழியால் நடுவிலும் இரு ஓரங்களிலும் அளந்து பாருங்கள். வளைவான பாலமானால் ஓரத்தில் உயரம் குறையும். பலகையில் உள்ளதைவிட உங்கள் அளவு குறைவாக இருந்தால் வியப்படைய வேண்டாம். பழைய சாலையின் மேலேயே புதிதாகத் தார் போடும்போதெல்லாம் தரை சற்று உயர்கிறது, பலகையில் உள்ள எண்ணோ அப்படியே நிற்கிறது.