சங்கிலி வாளுக்கு ஏற்ற சுழற்சிமானி எது?

மரந் தறிப்பதற்குக் கோடரியும் இழுவாளுமே துணையாயிருந்த காலம் சென்றுவிட்டது. காய்ப்பு ஓய்ந்த தென்னையை வீழ்த்தவும், இறப்பர்த் தோட்டத்தை மறுநடுகைக்கு வெளியாக்கவும், புயலில் முறிந்த கிளைகளை அகற்றவும் பெற்றோலினால் இயங்கும் சங்கிலி வாள் இன்று எங்கும் பயன்படுகின்றது. எனினும், பெரும் பொருள் கொடுத்து வாங்கிய வாள் தன் காலத்துக்கு முன்னரே பழுதாகி மூலையிற் கிடப்பதை நாம் பல கமங்களிற் காண்கிறோம். இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எளிதில் நீக்கக்கூடியது ஒன்றுண்டு. அது, காபரேற்றரின் திருகாணியைச் செவியை மட்டும் நம்பித் திருப்பும் வழக்கமாகும். திருகாணியைத் தொடுவதற்கு முன் சுழற்சிமானி ஒன்றைத் தேடிக்கொள்ளல் வேண்டும் என்பதும், அது விலையுயர்ந்ததாயிருக்க வேண்டுமென்பதில்லை, தகுதியானதாயிருத்தல் வேண்டும் என்பதுமே எமது துணிபு.

சுழற்சிமானி என்பது எஞ்சின் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுழல்கின்றது என்பதைக் காட்டும் கருவி. சங்கிலி வாளின் எஞ்சின் ரூ-ஸ்ரோக் எனப்படும் ஈரடிப்பு எஞ்சினாகும். இதற்குத் தனியான எண்ணெய்த் தொட்டி கிடையாது. முசலத்துக்கும் உருளைக்கும் வேண்டிய எண்ணெய் பெற்றோலுடன் கலந்தே உட்செல்கின்றது. உயர்வேகத் திருகாணியை வலஞ்சுழியாகத் திருப்பினால் எரிபொருள் குறைந்து கலவை ஐதாகும், வேகம் கூடும், வாள் முன்னிலும் சுறுசுறுப்பாய் இயங்குவதுபோலத் தோன்றும். ஆனால் எரிபொருள் குறைந்தபோது எண்ணெயுங் குறைந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வெப்பம் ஏறி, எண்ணெய் வற்றி, முசலம் உருளையோடு இறுகிக்கொள்கின்றது. வாள் மிக நன்றாக இயங்குவதாக நாம் மகிழும் வேளையே அதன் அழிவு வேளையாகவும் இருத்தல் கூடும்.

“பல்லாண்டு பழகிய என் செவிக்குத் தெரியாததா?” என்று அனுபவமிக்கோர் வினவுவர். அவர்களது திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கலவை செறிந்தபோது எஞ்சின் கரகரவென ஒலிப்பதையும், ஐதானபோது கூரிய ஒலி எழுவதையும் பழகிய செவி அறியும். ஆயினும் 12,500 சுழற்சிக்கும் 13,500 சுழற்சிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை, நாள் முழுவதும் பேரிரைச்சலிற் களைத்த செவி திட்டமாக உணரும் என்று கொள்வதற்கில்லை. அன்றியும், சில வாள்களில் வேகம் ஓர் எல்லையைத் தாண்டாதபடி தீப்பொறிச் சுருளே இடையிடையே பொறியைத் துண்டிக்கின்றது. அப்போது எழும் கரகரப்பு, செறிந்த கலவையின் ஒலியை ஒத்திருக்கும். கலவை அபாயகரமாக ஐதாயிருக்க, செவியோ அது செறிந்துள்ளது எனத் தவறாகக் கொள்ளும்.

இனி, கருவியைத் தெரிவு செய்தலை நோக்குவோம். முதலாவதாக, அது காட்டக்கூடிய உச்ச எண்ணைப் பார்த்தல் வேண்டும். வாள்கள் பலவற்றின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 12,500 முதல் 14,000 வரை இருக்கும். 10,000க்கு மேற் காட்டாத கருவி எமக்கு உதவாது. குறைந்தது 15,000 வரை, இயலுமாயின் 20,000 வரை காட்டுவதே ஏற்றது. இரண்டாவதாக, ஒரு சுழற்சிக்கு ஒரு பொறி என்னும் அமைப்பு அதில் இருத்தல் வேண்டும். ஈரடிப்பு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு பொறி பிறக்கும். இரு சுழற்சிக்கு ஒரு பொறி என்று கருவியை அமைத்துவிட்டால் 12,000 என்பது 24,000 ஆகத் தோன்றும். ஒரு சுழற்சிக்கு இரு பொறி என்று அமைத்தால் அதுவே 6,000 ஆகும். மூன்றாவதாக, எண் விரைவாக மாறுதல் வேண்டும். சுமையின்றி முழுவேகத்தில் வாளைச் சில நொடிகளே ஓடவிடலாம். அதற்குள் எண்ணைக் காட்டாத கருவி, எஞ்சினை வருத்துவதன்றிப் பிறிதொன்றுஞ் செய்யாது.

ஒளியைச் செலுத்தி அளக்குங் கருவிக்குச் சுழலும் பாகத்தில் மின்னும் நாடா ஒட்டுதல் வேண்டும். வாளின் பறப்புச் சில்லோ உறையினுள் மறைந்திருக்கின்றது. சுழலும் முனையில் தொட்டு அளக்குங் கருவியும் இக்காரணத்தால் ஏற்றதன்று. ஆதலின் பிளக்கின் கம்பியிலிருந்து வரும் மின்துடிப்பை உணரும் கருவியே தக்கது. இதில் இருவகையுண்டு: பிளக் கம்பியைச் சுற்றி ஒரு கம்பி சுற்றப்படுவது ஒன்று, அருகிற் பிடித்தாலே காட்டுவது மற்றொன்று. ஒரே வாளை வைத்திருப்பவருக்கு முன்னையது போதும். பல வாள்களைப் பார்க்குந் திருத்துநருக்குப் பின்னையதே வசதி.

வாங்கிய கருவியைச் சோதியாது நம்புதல் கூடாது. இதற்கு எளிய வழியொன்றுண்டு. வீடுகளிற் பயன்படும் சாதாரண சிறிய பெற்றோல் மின்பிறப்பாக்கிகள் 50 சுற்று மின்னோட்டத்தைத் தருவதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 முறை சுழல்கின்றன. அவை நாலடிப்பு எஞ்சின்களாயினும், அவற்றிற் பெரும்பாலானவை சுழற்சி தோறும் ஒரு பொறியையே பிறப்பிக்கும். வாளுக்குரிய அமைப்பிலேயே கருவியை அதன் பிளக் கம்பியருகே பிடித்தால் 3,000க்கு அண்மையான எண் தோன்றுதல் வேண்டும். 1,500 அல்லது 6,000 தோன்றின், அமைப்பிற் பிழையுண்டு என்று அறியலாம். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வேட்டர் வகைப் பிறப்பாக்கி இச்சோதனைக்கு ஆகாது.

கருவி கைக்கு வந்தவுடன் திருகாணியை நாடுதலுந் தவறு. காற்று வடியைச் சுத்தஞ் செய்து, பிளக்கைப் பார்த்து, சங்கிலியைத் தீட்டி அளவாக இறுக்கி, புதிய எரிபொருளை உரிய அளவில் எண்ணெய் கலந்து நிரப்பிய பின்னரே அளத்தல் வேண்டும். 50க்கு 1 எனக் கைந்நூல் கூறின், 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெயாகும். வாட்பட்டையும் சங்கிலியும் பூட்டியபடியே, எஞ்சினை நன்கு சூடேற்றி அளத்தல் வேண்டும். எண் கைந்நூல் கூறும் உச்சத்தைத் தாண்டின், உயர்வேகத் திருகாணியை இடஞ்சுழியாகச் சிறிது திருப்புக. உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துவதே பாதுகாப்பு. பொறியைத் துண்டிக்கும் சுருளுள்ள வாளில், எண் அவ்வெல்லையிலேயே நின்று நடுங்குமாயின் அதனை நம்பாது, எல்லைக்குக் கீழே இறங்கும்வரை திருகாணியைத் திறத்தல் வேண்டும். எத்துணை திருப்பியும் வேகம் நிலைகொள்ளாது ஏறி இறங்கின், எங்கோ காற்றுக் கசிகின்றது என்க. அதனைத் திருகாணியால் மறைக்க முயலாது திருத்துநரிடம் காட்டுக. கலவையை மின்னணு முறையில் தானே சீர்செய்யும் புதிய வாள்களில் திருப்புதற்குத் திருகாணியே இராது. அவற்றுக்குச் சுழற்சிமானி சோதித்தற்கு மட்டுமே பயன்படும்.

எமது நாட்டில் இன்னுமொரு காரணத்தாலும் இக்கருவி வேண்டப்படுகின்றது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்குள்ள காற்று, கரையோரக் காற்றிலும் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு ஐதானது. அங்கே சீர்செய்த வாளை அப்படியே வவுனியாவுக்கோ புத்தளத்துக்கோ கொண்டுசென்று இயக்கினால், கூடுதலான காற்று உட்புகுந்து கலவை ஐதாகிவிடும். கூலிக்கு வாள் கொண்டு மலைநாட்டுக்கும் சமவெளிக்கும் சென்றுவருவோர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளுதல் நன்று. இடம் மாறியதும் அளத்தல் அவர்தம் வழக்கமாதல் வேண்டும்.

இறுதியாக, பொருளினும் பெரியது உயிர். விசையை விட்டதும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 முதல் 3,000 வரையான மெதுவேகத்துக்கு இறங்கி, சங்கிலி முற்றாக நிற்றல் வேண்டும். எஞ்சின் அணைந்துவிடுகின்றதே என்று மெதுவேகத் திருகாணியை மேன்மேலும் திருப்பினால், விசையைத் தொடாதபோதும் சங்கிலி ஓடும். அவ்வாளைக் கையிற்கொண்டு கிளைகளுக்கிடையே அடியெடுத்து வைப்பவன் காலை இழக்கலாம். கருவி எந்த எண்ணைக் காட்டினும், சங்கிலி நிற்காத வாளை எடுத்துச் செல்லவே கூடாது.

கமக்கார நண்பர்களே! ஒருவர் ஆண்டிற் சில நாட்களே பயன்படுத்தும் வாளுக்காகத் தனியே கருவி வாங்குதல் வீண் எனத் தோன்றலாம். அயலிலுள்ள நால்வர் கூடியோ, உங்கள் கமக்காரர் அமைப்பின் வாயிலாகவோ ஒன்றை வாங்கி, பொறுப்புள்ள ஒருவரிடம் வைத்தல் அறிவுடைமை. ஒவ்வொரு வாளின் உச்ச வேகத்தையும் மெதுவேகத்தையும் கைந்நூலிற் பார்த்து, வாளின் உறையிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உருளையும் முசலமும் மாற்றும் செலவோடு ஒப்பிடும்போது சுழற்சிமானியின் விலை சிறிதே. செவியை வேண்டாமென்று நாம் கூறவில்லை; செவி ஐயுறட்டும், கருவி தீர்ப்பளிக்கட்டும்.