வெடிக்கும் முன்பே விதி செய்வோம்

2016 மே 26 அன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 'பீம்' என்னும் துணி அறைக்குள் காற்றைச் செலுத்தினார்கள். மடித்து அனுப்பிய அறை சரியாக விரியவில்லை. துணி அடுக்குகளுக்கிடையே எதிர்பார்த்ததைவிட உராய்வு அதிகம். இரண்டு நாள் கழித்து விண்வெளி வீரர் ஜெஃப் வில்லியம்ஸ் வால்வை 25 முறை சிறிது சிறிதாகத் திறந்து, ஏழு மணி நேரத்துக்கும் மேல் பொறுமை காத்த பிறகே 16 கன மீட்டர் இடம் கிடைத்தது. இரண்டாண்டுச் சோதனைக்கென்று போன அறை, அதன் பின்னும் சாமான் வைக்கும் இடமாக நீடித்தது.

ராக்கெட்டின் மூக்கறையைவிட அகலமான உலோக வீட்டை மேலே அனுப்ப முடியாது. துணி வீட்டைச் சுருட்டி அனுப்பலாம். யோசனை நல்லதுதான். ஆனால் அதன் வரலாறு கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது. 1990களில் நாசா வடிவமைத்த 'டிரான்ஸ்ஹாப்' என்னும் துணி வீட்டை 2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிறுத்தியது. அதன் காப்புரிமையைப் பெற்ற பிகெலோ நிறுவனம் பீமை உருவாக்கியது. 2020இல் ஊழியர் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பீம் கடைசியில் நாசாவின் பொறுப்புக்கே வந்தது.

இதில் பணநட்டத்தைவிடக் கவலை தருவது வேறொன்று. துணி அறையின் காற்றழுத்தத்தைத் தாங்கும் நாடா இன்று அறுபடாது. அதே இழுவிசையில் ஆண்டுக்கணக்கில் இருந்தால் மெல்ல மெல்ல நீண்டு, முன்னறிவிப்பின்றி அறுபடக்கூடும். அதைக் கண்டறிய ஆண்டுகள் பிடிக்கும் சோதனை வேண்டும். காற்றடித்து வெடிக்கவைக்கும் சோதனை சில மணி நேரத்தில் முடிந்துவிடும், படமும் அழகாக இருக்கும். நீண்ட காலச் சோதனைக்குக் கைதட்ட யாருமில்லை. ஒரு நிறுவனம் மூடப்பட்டால் அந்தப் பொறுமையின் பலனும் பூட்டிய அலமாரிக்குள் போய்விடும்.

அழுத்தம் தாங்கும் கலன்களுக்கு முன்பு விதி வந்த கதையைப் பாருங்கள். 1905இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிராக்டனில் காலணித் தொழிற்சாலைக் கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். அதன் பிறகுதான் அந்த மாநிலம் கொதிகலன் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமும் பொதுவிதி வகுத்தது. போட்டி நிறுவனங்கள் ஒரே விதிக்குள் வந்தன.

துணி அறைகளுக்கு அப்படியொரு பொதுவிதியை விபத்துக்குக் காத்திராமல் எழுதலாமே! பொதுப்பணத்தில் நடக்கும் சோதனைகளின் முடிவுகளை, தோல்வியுற்றவை உட்பட, நாசா ஒரே இடத்தில் வைக்கட்டும். அரசு ஆய்வகங்களைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் வடிவமைப்பு ரகசியத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, நாடாக்கள் எவ்வளவு நீண்டன என்ற கணக்கை மட்டும் தரட்டும். சொந்த விண்வெளி நிலையம் திட்டமிடும் இந்தியா உள்ளிட்ட நாடுகள் அந்த விதி எழுதப்படும் மேசையில் இப்போதே இடம் கேட்கட்டும்.