கப்பலுக்கு முந்தின ராத்திரி எங்கே படுப்பது?

தாம்பரத்துக்காரர் நாகப்பட்டினம் போய் இலங்கைக்குக் கப்பல் ஏறலாம். 2023 அக்டோபரில் வந்து நின்றுபோன சேவை, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. சுமார் 4 மணி நேரத்தில் காங்கேசன்துறை!

ஆனால் கப்பல் காலையில். முதல்நாளே போனால் ராத்திரி எங்கே படுப்பது? வேளாங்கண்ணி திருவிழா, நாகூர் கந்தூரி சமயத்தில் லாட்ஜ் ரூம் குதிரைக்கொம்புதான்!

அந்தக் காலத்து போட்மெயிலில் இந்தத் தொல்லை இல்லை. தாம்பரம் வழியாகப் போன ரயில், தனுஷ்கோடியில் கப்பல் பக்கத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். 1964 டிசம்பர் புயலோடு அது போச்சு.

ரயிலைக் கேட்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் கட்டில், குளியலறை, சாமான் வைக்க ஒரு பூட்டு. கப்பல் டிக்கெட்டைக் காட்டினால் குறைந்த வாடகையில் இடம். கடல்சார் வாரியம் இதைச் செய்யக்கூடாதா?

டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை லாட்ஜில் கொட்டுவானேன்? நமக்கு மீனம்பாக்கம் பக்கம். ஜனங்கள் விமானத்துக்கே போய்விடுவார்கள்!