எல்.கே.ஜி.யில் இருக்கும் தோட்டம் எங்கே?

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று தமிழ்நாட்டில் மூன்று வயதுக் குழந்தைகூடச் சொல்லும். அந்த கே.ஜி. என்றால் என்ன? கிண்டர்கார்டன். ஜெர்மன் சொல். 'குழந்தைகளின் தோட்டம்' என்று அர்த்தம். 1840-ல் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் என்ற ஆசிரியர், ஜெர்மனியில் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் தான் நடத்திய பள்ளிக்கு வைத்த பெயர் இது.

சும்மா அழகுக்காக வைத்த பெயர் இல்லை. ஃப்ரோபலின் திட்டத்தில் நிஜமாகவே தோட்டம் இருந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனியாக ஒரு சின்னப் பாத்தி. அது போக எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் பொதுப் பாத்தி. தன் பாத்தியில் குழந்தை தன் இஷ்டப்படி எதையும் விதைக்கலாம். தண்ணீர் ஊற்ற மறந்தால் செடி வாடும். அதையும் குழந்தையே பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

நம் ஊர் கே.ஜி.க்கு வாருங்கள். நன்கொடை இருக்கிறது, டை இருக்கிறது, ஷூ இருக்கிறது, வேன் இருக்கிறது. வகுப்புகளுக்கு ரோஸ், லில்லி, ஜாஸ்மின் என்று பூக்களின் பெயர்கூட இருக்கிறது. வெளியே எட்டிப் பார்த்தால் சுவர் முதல் சுவர் வரை சிமெண்ட் தரை! இப்போது கே.ஜி. என்பது புத்தகப் பையின் எடையைத்தான் குறிக்கிறது போலும்.

போட்டோவுக்கு ஒரு மரம்

"எங்கள் பள்ளியில் மரம் நடுகிறோமே" என்பார்கள். உண்மைதான். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். சிறப்பு விருந்தினர் வருவார். குழி முன்பே தோண்டி இருக்கும். கன்றை அவர் பிடிக்க, பக்கத்தில் நான்கு மாணவர்கள் கை வைக்க, போட்டோ எடுக்கப்படும். மறுநாள் பேப்பரில் வரும். அடுத்த வருடமும் ஏறக்குறைய அதே இடத்தில் குழி தோண்டுவார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம், போன வருடத்துக் கன்று செத்துப் போயிருக்கும்.

சாகாமல் என்ன செய்யும்? தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஜூன் மாதம் வெயில் காலம். இங்கே பெரிய மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். எப்போது நட்டால் பிழைக்கும் என்று ஊரில் உள்ள எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்கூடம் காலண்டரைத்தான் பார்க்கிறது, வானத்தைப் பார்ப்பதில்லை. இந்த விழாவில் குழந்தை கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றே ஒன்று: நட்டால் போதும், வளர்க்க வேண்டியதில்லை.

அரசுத் திட்டங்களுக்கும் பஞ்சமில்லை. 2001-ல் தேசிய பசுமைப் படை வந்தது. 2019-ல் பள்ளிகளில் காய்கறித் தோட்டம் போடுவதற்கு மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. நல்ல ஆசிரியர் இருக்கும் பள்ளிகளில் இவை உயிரோடு இருக்கின்றன. மற்ற இடங்களில் பதிவேட்டில் மட்டும் பச்சையாக இருக்கின்றன.

தண்டனையாக ஒரு தோட்டம்

இதைவிட மோசமானது இன்னொன்று. பல பள்ளிகளில் தோட்டம் இருக்கிறது. அதில் வேலை செய்வது யார்? லேட்டாக வந்தவன். வீட்டுப்பாடம் எழுதாதவன். "நீதான் படிக்க மாட்டியே, போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்து" என்று அனுப்பப்பட்ட கடைசி பெஞ்ச் மாணவன். முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையின் கையில் மண்வெட்டியை யாரும் கொடுப்பதில்லை. அந்தக் கை பேனா பிடிக்கும் கை அல்லவா!

வீட்டிலும் இதே கதைதான். "படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்" என்ற வசனத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? சோறு போடுகிறவரின் வேலை, தோற்றவருக்கான வேலை என்று ஐந்து வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். பிறகு விவசாயியின் அருமையைப் பற்றிக் கட்டுரைப் போட்டி வைக்கிறோம். முதல் பரிசு வாங்கும் பிள்ளைக்குக் கீரை விதை எப்படி இருக்கும் என்று தெரியாது.

குலக்கல்வி பயம்

குழந்தைகள் கையில் மண்வெட்டி என்றதும் தமிழ்நாட்டில் ஒரு நியாயமான கோபம் வரும். 1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் சூட்டிப் பெரியார் எதிர்த்தார். தி.மு.க.வும் எதிர்த்தது. 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அதே ஆண்டு திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் செய்தது முழுக்கச் சரி. செருப்புத் தைப்பவர் மகன் செருப்புத் தைக்கவும், வண்ணார் மகன் துணி வெளுக்கவும் அரசாங்கமே வழிகாட்டுவதை எப்படி ஏற்க முடியும்?

"மறுபடியும் எங்கள் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பப் பார்க்கிறீர்களா?" என்று ஒரு கூலித் தொழிலாளி கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். தலைமுறை தலைமுறையாக வெயிலில் நின்றவர் அவர். பிள்ளையாவது நிழலில் உட்காரட்டும் என்றுதான் பள்ளிக்கு அனுப்பினார்.

பதில் இதுதான். குலக்கல்வியின் விஷம் மண்ணில் இல்லை. யார் பிள்ளை என்பதைப் பார்த்து வேலையை ஒதுக்கியதில் இருந்தது. டாக்டர் மகளுக்கும் கூலித் தொழிலாளி மகனுக்கும் ஒரே அளவுப் பாத்தி, ஒரே மண்வெட்டி, வாரத்தில் ஒரே ஒரு பீரியட் என்று வைத்தால் அது குலக்கல்விக்கு நேர் எதிரானது. அந்த ஒரு பீரியடில் கூலித் தொழிலாளியின் மகனுக்குத் தெரிந்தது டாக்டர் மகளுக்குத் தெரியாது. அவன் சொல்லித் தருவான், அவள் கேட்டுக்கொள்வாள். வேறு எந்த பீரியடில் இது நடக்கும்?

உண்மையில் குலக்கல்வியின் மிச்சம் இன்றைய தோட்டங்களில்தான் இருக்கிறது. யாரைத் தண்ணீர் ஊற்ற அனுப்புகிறார்கள், யாரை அனுப்புவதில்லை என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். புரிந்துவிடும்.

எப்படித் தொடங்குவது?

பணம் வேண்டாம். சமையலறையில் இருக்கும் முழுப் பச்சைப்பயறும் கொண்டைக்கடலையும் போதும். இரண்டையும் ஓர் இரவு ஊற வைத்து, கண்ணில் ஓட்டை போட்ட இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளில் மண் நிரப்பி விதைக்கச் சொல்லுங்கள். சில நாட்களில் பச்சைப்பயறு தன் இரண்டு பருப்பையும் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வரும். கொண்டைக்கடலையோ பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அனுப்பும். "ஏன் இது மட்டும் இப்படி?" என்று குழந்தை கேட்கும். தரைமேல் முளைத்தல், தரைகீழ் முளைத்தல் என்று புத்தகத்தில் படம் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது இதைத்தான்!

அடுத்தது முளைக்கீரை. 25 நாளில் பறித்துவிடலாம். ஜூனில் பள்ளி திறந்ததும் விதைத்தால் ஜூலையில் கீரை. விதை மிகவும் பொடியாக இருப்பதால் மணலோடு கலந்து தூவ வேண்டும். எறும்பு தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கச் சுற்றிலும் சாம்பல் போட வேண்டும். ஆடியில் வெண்டை போட்டால் 45 நாளில் காய்க்கத் தொடங்கும். காலாண்டுத் தேர்வு முடிவதற்குள் முதல் காய் கையில். மா, தென்னை என்று தொடங்காதீர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ஐந்து வருடம் என்பது ஒரு யுகம்.

அதைவிட முக்கியம், அந்தப் பாத்தி குழந்தைக்கே சொந்தமாக இருக்க வேண்டும். செடி வாடினால் ராத்திரியோடு ராத்திரியாக அப்பா தண்ணீர் ஊற்றக் கூடாது. செத்தால் சாகட்டும். மறுபடி விதைக்கட்டும். விளைந்ததையும் குழந்தையே எடுத்துப் போக வேண்டும். பள்ளித் தோட்டத்து வாழைத்தார் ஆசிரியர்கள் வீட்டுக்குப் போகும் கதை ஊருக்கு ஊர் உண்டு. உழைப்பு ஒருவருக்கு, விளைச்சல் இன்னொருவருக்கு என்ற பாடம் நாட்டில் ஏற்கெனவே நடக்கிறது. பள்ளியிலும் நடத்த வேண்டியதில்லை.

சாக்குகள்

"இடம் இல்லை." சாக்குச் சொல்லாமல் ஒரு சாக்கைத் தேடுங்கள். பழைய சிமெண்ட் சாக்கு, ஓட்டை வாளி எல்லாம் போதும். செம்மண், மணல், தொழு உரம் மூன்றும் சம அளவு. மொட்டை மாடியில் வெயிலுக்குக் குறைவே இல்லை.

"மண்ணில் பூச்சி, கிருமி." இருக்கிறதுதான். கொக்கிப்புழு வெறுங்காலின் வழியாக உடம்புக்குள் போகும். அதற்குத்தான் செருப்பு இருக்கிறது, சோப்பு இருக்கிறது. ரோட்டில் லாரி போகிறது என்பதற்காகக் குழந்தையை வீட்டிலேயே பூட்டி வைக்கிறோமா?

"நேரம் இல்லை, டியூஷன் இருக்கிறது." செடிக்குத் தண்ணீர் ஊற்ற ஐந்து நிமிடம். ஒரு விளம்பர இடைவேளை! மார்க் குறையும் என்று பயப்படுபவர்களுக்கு ஒரு கேள்வி. சிரட்டையில் விதை முளைப்பதைப் பார்த்த குழந்தைக்கு அந்த ஐந்து மார்க் கேள்விக்கு டியூஷன் எதற்கு?

குழந்தைகள் எல்லோரும் விவசாயி ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்ஜினியர் ஆகட்டும், கலெக்டர் ஆகட்டும். நாளைக்கு ஒரு விவசாயி மனு கொடுக்க வந்து நிற்கும்போது, ஒரு வெண்டைச் செடி காய்க்க எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்த கலெக்டராக இருக்கட்டும். ஒரு பாத்தி வாடியபோது அழுத ஞாபகம் அவருக்கு இருக்கட்டும்.

அடுத்த ஜூனில் எல்.கே.ஜி. அட்மிஷனுக்கு வரிசையில் நிற்கும் பெற்றோர்களே, ஃபீஸ் எவ்வளவு என்று கேளுங்கள், வேன் வருமா என்று கேளுங்கள். கூடவே இதையும் கேட்டுவிடுங்கள்: "கே.ஜி. என்று போர்டு வைத்திருக்கிறீர்களே, தோட்டம் எங்கே சார்?"