வாழ்ந்ததற்கு என்ன அத்தாட்சி?

டெல்லி ஜங்புராவில், பாராபுல்லா நாலா என்ற வடிகாலின் ஓரத்தில் இருந்த மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. நாலாவைத் தூர்வார வழிவிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் மே மாதம் உத்தரவிட்டிருந்தது. அங்கிருந்த வீடுகள் 370. நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதியுள்ளவை என்று இடிப்பு நாளில் மாவட்ட நிர்வாகம் சொன்ன எண்ணிக்கை 189. வேறு கணக்கொன்று 215 என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும், அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர்கள் குடியிருந்த அந்தச் சந்துகளில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் அரசின் பார்வையில் அங்கே வாழவே இல்லை.

தகுதியை முடிவு செய்வது டெல்லியின் 2015ஆம் ஆண்டு குடிசை மறுவாழ்வுக் கொள்கை. அதன்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1க்கு முன்பும், அதிலுள்ள வீடு 2015 ஜனவரி 1க்கு முன்பும் உருவாகியிருக்க வேண்டும். வசிப்பவரின் பெயர் 2012 முதல் 2015 வரையிலான வாக்காளர் பட்டியல்களில் ஒன்றிலும், கணக்கெடுப்பு நடக்கும் ஆண்டின் பட்டியலிலும் இடம்பெற வேண்டும். இத்துடன், கெடு தேதிக்கு முன் வாங்கிய ரேஷன் கார்டு, மின் கட்டண ரசீது, ஓட்டுநர் உரிமம், படம் ஒட்டிய பாஸ்புக் என்று ஏதாவது ஒன்றையும் காட்ட வேண்டும். இவை அனைத்தும் பிறர் எழுதித் தருபவை. வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எந்த எஜமானியம்மாவும் சம்பளச் சீட்டு கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் நாலா வீட்டுக்குள் புகுந்தால் முதலில் நனைவது டிரங்குப் பெட்டியின் அடியில் கிடக்கும் காகிதங்கள். தன் வாழ்க்கையைப் பற்றித் தானே சொல்லும் சொல்லுக்கு இந்தக் கொள்கையில் ஒரு வரிகூட இடமில்லை.

370இல் 189 என்பது நூற்றுக்கு 51. இந்த 51 கூர்ந்து பார்க்க வேண்டிய எண். தகுதி பெற்றவர் 90 சதவீதம் என்றால், எஞ்சியவர்கள் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று சொல்லலாம். 10 சதவீதம் என்றால், குடியிருப்பே புதியது எனலாம். பாதிக்குப் பாதி என்பது வேறு செய்தி. ஒரே சந்து, ஒரே குழாயடி, ஒரே பள்ளிக்கூடம். அப்படியிருக்க, ஒரு வீட்டுக்குத் தகுதி இருந்தது, அடுத்த வீட்டுக்கு இல்லை. நாணயத்தைச் சுண்டிப் போட்டிருந்தாலும் ஏறக்குறைய இதே விடைதான் வந்திருக்கும். அப்படியானால் கணக்கெடுப்பு அளந்தது குடியிருந்த காலத்தையா, காகிதம் காக்கும் சாமர்த்தியத்தையா?

இது நாலாவோரத்தோடு நிற்கும் தொல்லையும் இல்லை. 2025 ஜூனில் பீகாரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தேர்தல் ஆணையம் 11 ஆவணங்களைப் பட்டியலிட்டது. ஆதாரைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்க உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நாடு முழுவதும் மனிதர்கள் தாங்கள் இருந்ததை நிரூபிக்கும் வேலையில் இறக்கிவிடப்பட்டிருக்கிறார்கள்.

வாய்ச்சொல்லை ஏற்றால் பொய் பெருகும் என்பது அதிகாரிகளின் வழக்கமான பதில். போலி ஆவணம் கிடைக்காத ஊரிலிருந்து வந்தவர்கள் அதைச் சொல்லலாம். ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதானே என்பது இன்னொரு வாதம். நிலம் யாருக்குச் சொந்தம் என்பதில் இங்கே சண்டையே இல்லை. மாற்று வீடு தருவதாக அரசே எழுதிவைத்திருக்கிறது. அது யாருக்கு என்பதுதான் கேள்வி.

வாய்ச்சொல்லைச் சரிபார்க்க இந்த நாட்டு அரசுகளுக்குத் தெரியாமலும் இல்லை. 1948இல், பாகிஸ்தானில் நிலத்தை விட்டுவிட்டு வந்த விவசாயிகளிடம் கிழக்குப் பஞ்சாப் அரசு மனு வாங்கியது. மறுவாழ்வுத் துறையின் தலைவராக இருந்தவர் ஐ.சி.எஸ். அதிகாரி தர்லோக் சிங். ஒரே மாதத்தில் ஏறத்தாழ 5 லட்சம் மனுக்கள் குவிந்தன. பத்திரம் இல்லாமல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். அரசு செய்தது இதுதான்: ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் வந்தவர்களை ஓரிடத்தில் கூட்டியது, அதிகாரி மனுவை உரக்கப் படித்தார், கூடியிருந்த பழைய ஊர்க்காரர்கள் சரி என்றார்கள், திருத்தினார்கள், அல்லது பொய் என்று தள்ளினார்கள். மிகைப்படுத்தியவர்கள் இருந்தார்கள், பக்கத்து வயல்காரர் எதிரிலேயே பிடிபட்டார்கள். பிறகு எல்லைக்கு அப்பாலிருந்து வந்த வருவாய்ப் பதிவேடுகளும் ஒப்பிடப்பட்டன. அன்று டெல்லியும் இதே மக்களால் நிரம்பியது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டெல்லியின் 17 லட்சம் பேரில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அகதிகள். அவர்கள் குடியேறிய லாஜ்பத் நகர், மதராசி கேம்பிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்.

பழங்கதை வேண்டாம் என்பவர்களுக்குப் புதிய சட்டமும் உண்டு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்கிச் சான்றாக ஏற்கச் சொல்கின்றன. காட்டில் செல்லுபடியாகும் பெரியவர் சொல் தலைநகரில் மட்டும் செல்லாக்காசாவதற்கு ஒரு காரணமும் இல்லை, அதிகாரியின் சோம்பலைத் தவிர.

தன் கதையைத் தானே எழுதி ஆட்சியின் முன் வைப்பதும் டெல்லிக்குப் பழக்கமானது. 1857 கலகத்தின்போது நகரை விட்டுப் போகாத மிர்சா காலிப், அந்த மாதங்களை 'தஸ்தம்பூ' என்ற பாரசீக நூலாக எழுதி 1858இல் ஆக்ராவில் அச்சிட்டார். உள்ளே விக்டோரியா மகாராணியைப் புகழும் பாடல் வேறு. பிரதிகள் ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் போயின. கலகத்தில் தனக்குத் தொடர்பில்லை என்று காட்ட வேண்டியிருந்தது. நின்றுபோன ஓய்வூதியம் திரும்ப வேண்டியிருந்தது. 1860இல் அது திரும்பியது. முகஸ்துதி என்று முகம் சுளிப்பவர்கள், வயிற்றுப்பாடு தெரியாதவர்கள். வாழ்க்கை வரலாறு மனுவாகவும் இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல முன்மாதிரி இந்த நகரில் இல்லை.

எளியவர்களும் எழுதியிருக்கிறார்கள். 2001 முதல் அங்குர் அமைப்பும் சராய் ஆய்வு மையமும் நடத்திய 'சைபர் மொகல்லா'வில் குடிசைப் பகுதி இளைஞர்கள் தங்கள் தெருக்களை எழுதினார்கள். யமுனைக் கரையின் நங்லா மாஞ்சி 2006இல் இடிக்கப்பட்டபோது, இடிபடும் நாட்களையும் எழுதினார்கள். அவை 'பஹுரூபியா ஷஹர்' என்று இந்தியில் 2007இலும் ஆங்கிலத்தில் 2010இலும் நூலாயின. டெல்லியை ஒட்டிய குர்கானில் வீட்டு வேலை செய்த பேபி ஹால்தரின் 'ஆலோ ஆந்தாரி' 2002இல் வந்தது. எழுதத் தூண்டியவர் அவர் வேலை பார்த்த வீட்டுக்காரர், பிரேம்சந்தின் பேரன் பிரபோத் குமார். அந்நூலின் பகுதி என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு இந்திப் பாடமாகவும் ஆனது.

டெல்லித் தமிழர் கணக்கு இதில் பின்தங்கியே இருக்கிறது. கோப்புகளோடும் பதவி உயர்வுகளோடும் புழங்கிய தமிழருக்கு எழுத்தாளர்களாக இந்திரா பார்த்தசாரதி கிடைத்தார், ஆதவன் கிடைத்தார். பாத்திரம் தேய்த்த தமிழருக்குக் கிடைத்தது சர்வே எண்.

எழுத வேண்டியது இலக்கியமாக இருக்கத் தேவையில்லை. எந்த ஊரிலிருந்து, யாரை நம்பி ரயில் ஏறியது. முதலில் எங்கே தங்கியது. எந்தெந்த வீடுகளில் வேலை. பிள்ளை எந்த ஆண்டு பள்ளியில் சேர்ந்தது. பக்கத்தில் யார் இருந்தார்கள். ஆண்டு நினைவில்லாதவர்களுக்கும் அடையாளம் உண்டு: 1982 ஏசியாட், இந்திரா காந்தி கொலை, காமன்வெல்த் போட்டிக்காகத் தலைக்குமேல் எழுந்த பாராபுல்லா மேம்பாலம். எழுதத் தெரியாதவர் சொல்லலாம். கைப்பேசியில் பிள்ளைகள் பதியலாம். பக்கத்து வீட்டார் இருவர் கையெழுத்தும் தேதியும் போட்டால் அது சாட்சியம். அப்படி ஒரு நோட்டு வீட்டுக்கு வீடு இருந்து, கொள்கையும் அதை ஏற்றிருந்தால், தகுதியில்லாத வீடுகள் 181 என்ற எண்ணே எழுந்திருக்காது.

ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு அறிவித்தது. திரும்ப விரும்பாதவர்களுக்கு, இங்கே வாழ்ந்ததன் பதிவு தேவைப்படுகிறது. டெல்லியின் எஞ்சிய குடிசைப் பகுதிகளில் தமிழ் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டெல்லித் தமிழ்ச் சங்கமும் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளும் அடுத்த கோடை விடுமுறையில் மாணவர்களை அங்கே அனுப்பி அந்த முதியவர்கள் சொல்வதை எழுதி வாங்கட்டும். டெல்லி அரசு அந்தத் தாள்களைச் சான்றாக ஏற்கும்படி 2015 கொள்கையைத் திருத்தட்டும். அதுவரை எந்த நாலாவோரத்திலும் புல்டோசரை இறக்கக் கூடாது.