அதே மாதிரி இன்னொன்று

என் நாவல் ஒன்றைச் சொல்லி, “அதே மாதிரி இன்னொன்று எழுதக் கூடாதா?” என்று கேட்காத வாசகர் குறைவு. ஒரு பத்திரிகாசிரியரும் அப்படித்தான் கேட்டார். நான் வேறு மாதிரி எழுதிக் கொடுத்தேன், திரும்பி வந்துவிட்டது. இவர்களுக்கெல்லாம் நான் சொல்ல விரும்புவது அயர்லாந்து தேசத்து ராக் சங்கீதக் கோஷ்டி ஒன்றின் கதை.

கோஷ்டியின் பெயர் ‘யூ டூ’. 1976-ல் டப்ளினில் பள்ளிக்கூடப் பையன்களாகச் சேர்ந்தவர்கள். 1987-ல் வந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ என்ற இசைத்தட்டு அவர்களை உலகப் பிரசித்தர்களாக்கியது. சாமர்த்தியசாலிகளாக இருந்தால் அதையே பத்துத் தடவை திருப்பிப் போட்டுப் பிழைத்திருக்கலாம். அவர்களோ 1990 அக்டோபரில், ஜெர்மனி இரண்டும் ஒன்றாகிற சமயத்தில், பெர்லினுக்குப் போய் உட்கார்ந்தார்கள். மதிலுக்குப் பக்கத்திலிருந்த ஹான்ஸா ஸ்டூடியோ. 1977-ல் டேவிட் பௌயி பாடிப் பதிவு செய்த இடம்.

போனார்களே தவிர, பாட்டு வரவில்லை, சண்டைதான் வந்தது. பாடகர் போனோவுக்கும் கிதார் வாசிக்கும் எட்ஜுக்கும் நடன விடுதித் தாளத்தின் மேலும் யந்திர ஓசையின் மேலும் மோகம். டிரம்ஸ் வாசிக்கும் லாரி மல்லனுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. யந்திரம் தாளம் போட்டால் தாளக்காரனுக்கு அங்கே என்ன வேலை? அவருடைய கோபத்தை நான் பரிகசிக்க மாட்டேன். கோஷ்டியே உடைந்துவிடும் போலிருந்த வேளையில், வேறொரு பாட்டோடு மல்லாடியபோது உதிர்ந்த துண்டிலிருந்து ‘ஒன்’ என்ற பாட்டுப் பிறந்தது. மிச்ச வேலையை டப்ளினில் முடித்து, 1991 நவம்பரில் ‘ஆக்டுங் பேபி’யை வெளியிட்டார்கள். முதல் பாட்டைக் கேட்டவன் தன் கருவிதான் பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டிருப்பான். கிதாரும் கரகரத்தது, குரலும் கரகரத்தது.

“இதெல்லாம் நாகரிகத்துக்குப் போடும் வேஷம்” என்பார்கள். வேஷமாகவும் ஆகிவிடுவதுண்டு, வாஸ்தவம். 1997-ல் இவர்களே ‘பாப்’ என்ற தட்டை, கச்சேரித் தேதிகளை முன்கூட்டியே நிச்சயம் செய்துவிட்டு, அவசர அவசரமாக முடித்தார்கள். அது அரைவேக்காடு என்று பின்னால் தாங்களே ஒப்புக்கொண்டார்கள். உடனே ரசிகர்கள், “பார்த்தாயா, பழையதுதான் நல்லது” என்றார்கள். நான் கேட்கிறேன்: ஒரு நாள் சோறு குழைந்துவிட்டால் ஆயுசு முழுதும் பழையதா சாப்பிடுவீர்கள்? 2000-ல் வந்த அடுத்த தட்டில் பழைய சாயல் திரும்பியதும் ஊரே நிம்மதிப் பெருமூச்சு விட்டதே, அந்தப் பெருமூச்சைத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், 2023-ல் லாஸ் வேகாஸ் நகரத்தில் ‘ஸ்பியர்’ என்ற பிரம்மாண்டமான அரங்கைத் திறந்துவைத்து இதே கோஷ்டி வாசித்தபோது, கச்சேரியின் முக்கியச் சரக்கு எது தெரியுமா? அதே ‘ஆக்டுங் பேபி’! கலகம் செய்த தட்டு, ஜனங்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கிற பழைய பாட்டாகிவிட்டது.

அந்தப் பத்திரிகாசிரியர் சிலாகித்த என் நாவல் தொடராக வந்தபோது, “முந்தியதைப் போல் இல்லை” என்று வந்த கடிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. இன்னும் பத்திரமாகத்தான் வைத்திருக்கிறேன்.