மணலியில் ஒரு லோடு மணல்

ஸ்கூலில் நான் யானை வரைந்தால், எது தும்பிக்கை எது வால் என்று அம்புக்குறி போட்டுப் பக்கத்தில் எழுதிவிடுவேன். அப்படிப்பட்ட ஆசாமியைப் போய், ‘நம்ம பிளே கிரவுண்டுக்கு சார்தான் பிளான் போடறார்’ என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது.

காரணம் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீஸில். எந்தப் பெட்டி மேல் எந்தப் பெட்டி என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்புவது என் உத்தியோகம். “இருபதடி, நாப்பதடிப் பொட்டியையே அடுக்கறீங்க. ரெண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம் உங்களுக்கு ஜுஜுபி சார்” என்றார் செயலாளர்.

உண்மையான காரணம் வேறு. கூட்டத்துக்கு வராதவன் தலையில் பொறுப்பைக் கட்டுவது எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான விதி. அன்றைக்கு நான் போகவில்லை.

நாங்கள் இருப்பது மணலி. 1969-ல் ஓட ஆரம்பித்த சுத்திகரிப்பு ஆலை, அதைத் தொடர்ந்து உரம், ரசாயனம் என்று வளர்ந்த ஊர். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நாட்டில் மிக மோசமாக மாசுபட்ட தொழில் பகுதிகளுக்கு மார்க் போட்டபோது, நாங்களும் பட்டியலில் இடம் பிடித்தோம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தோம். மயிலாப்பூர் மாமியார் வந்து இறங்கினால் மூக்கில் முந்தானை. எங்களுக்குப் பழகிவிட்டது.

பழகாத விஷயம் லாரி. தெரு முனை தாண்டினால் டேங்கர், டிரெய்லர், கன்டெய்னர். எங்கள் பிள்ளைகள் விளையாடுவது அந்தத் தெருவில்தான். பந்து மெயின் ரோட்டுக்கு ஓடினால் இருக்கிற அம்மாக்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். பந்து மட்டும் நசுங்கியது என்றால், மாரியாத்தாளுக்கு ஒரு கற்பூரம்.

அதனால்தான் இந்த கிரவுண்டு. மனை பிரித்தபோது பொது உபயோகத்துக்கென்று விட்ட துண்டு. இரண்டரை கிரவுண்டு. நூறடிக்கு அறுபதடி. பத்து வருஷமாக அதில் சீமைக் கருவேலம்தான் விளையாடிக்கொண்டிருந்தது.

பிளான் போடுவதற்கு முன்னாலேயே கேட்லாக்கோடு ஒருவர் வந்துவிட்டார். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று எந்தக் கட்சியும் கோபித்துக்கொள்ள முடியாத கலர்களில் பிளாஸ்டிக் மாளிகை. சறுக்கு, ஏணி, சுரங்கம் எல்லாம் ஒன்றிலேயே.

“எத்தனை வயசுக் குழந்தைங்களுக்கு?”

“எல்லா வயசுக்கும் சார். ரெண்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் ஒரே யூனிட்.”

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்று சொல்கிறேன்.

போன வருஷம். ஏதோ ஒரு ஊர்ப் பார்க். என் சின்னவனுக்கு அப்போது மூன்று வயது. இரும்புக் கம்பி போட்ட மேடை ஒன்றில் ஏறினான். நான் போனில் யாருக்கோ கன்டெய்னர் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன். பையன் இரண்டு கம்பிக்கு நடுவே காலை விட்டு, இடுப்பு நுழைந்து, மார்பு நுழைந்து, தலை மட்டும் நுழையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறான். அழக்கூட முடியவில்லை அவனால். நான் ஓடிப்போய்க் காலைப் பிடித்து இழுத்தேன்.

“யோவ் சார், இஸுக்காத! மேல தூக்கு, மேல தூக்கு!”

பக்கத்தில் லாரி ஷெட்டில் எடுபிடி வேலை செய்கிற பையன். பதினாலு வயதிருக்கும். குரங்கு மாதிரி தாவி மேலே ஏறினான். என்னைக் கீழிருந்து உடம்பைத் தாங்கச் சொல்லி, அவன் மேலேயிருந்து தலையைச் சாய்த்துத் திருப்பி, வந்த வழியே வெளியே எடுத்தான். மொத்தம் ஒரு நிமிஷம். எனக்கு அது ஒரு யுகம். கிரீஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, “கம்பிக்குள்ள மண்டைய வுட்டா இப்டித்தான் சார்” என்று சொல்லிவிட்டு மறுபடி ஊஞ்சலுக்குப் போய்விட்டான். சின்னவர்களுக்கான ஊஞ்சல். அவன் உட்கார்ந்தால் முட்டி தரையில் இடிக்கும்.

இன்றுவரை என் மனைவிக்கு நான் போனில் இருந்த விவரம் தெரியாது. இந்த வாரம் பத்திரிகை வீட்டுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்தக் கம்பி இடைவெளிக்கு ஒரு கணக்கு இருக்கிறது என்பது இப்போதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981-லிருந்து விளையாட்டு மைதானங்களுக்கு ஒரு கையேடு போட்டுவருகிறது. அதை ஆபீஸ் பிரிண்டரில், மேனேஜர் சாப்பிடப் போன நேரத்தில் எடுத்துப் படித்தேன். இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது ஒன்பது அங்குலத்துக்கு மேலே இருக்க வேண்டும். நடுவில் எது இருந்தாலும் ஆபத்து. சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைவிடத் தலை பெரிசு. கால் முதலில் போனால் உடம்பு போய்விடும், தலை மாட்டிக்கொள்ளும். பார்க் பார்க்காக இஞ்சு டேப்போடு அலைந்தேன். நாலு அங்குலம், ஐந்து அங்குலம், ஆறு அங்குலம். வாட்ச்மேன்கள் என்னைப் பழைய இரும்பு வியாபாரி என்றே நினைத்தார்கள்.

அந்தக் கையேடு பிள்ளைகளை மூன்று ஜாதியாகப் பிரிக்கிறது. இரண்டு வயதுக்குள், இரண்டிலிருந்து ஐந்து, ஐந்திலிருந்து பன்னிரண்டு. சின்னதுகள் விளையாடுகிற இடத்தின் குறுக்கே பெரிசுகள் ஓடக்கூடாது. குழந்தை ஊஞ்சலும் பெரிய ஊஞ்சலும் ஒரே சட்டத்தில் தொங்கக்கூடாது. ஒரு சட்டத்துக்கு இரண்டு ஊஞ்சல்தான். மூன்றாவது போட்டால் நடுவில் இருப்பவனிடம் போக ஓரத்தில் ஆடுகிறவனைத் தாண்டவேண்டும்.

ஊஞ்சல் எவ்வளவு இடம் தின்னும் தெரியுமா? தொங்குகிற கம்பியின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னால், இரண்டு மடங்கு பின்னால் காலியாக விடவேண்டும். எட்டடி உயரக் கம்பி என்றால் 16-ம் 16-ம் 32 அடி. என்னிடம் இருக்கும் அகலமே அறுபது. கன்டெய்னர் எவ்வளவு உத்தமம்! வைத்த இடத்தில் இருக்கும். முன்னாலும் பின்னாலும் ஆடாது.

சறுக்குமரம் நிழல் பார்த்து இருக்கவேண்டும். வாஸ்து இல்லை ஐயா, வெயில். மே மாதம் மணலியில் வெயில் பார்த்த தகரச் சறுக்கில் மத்தியானம் உட்கார்ந்தவன், அப்புறம் ஒரு வாரம் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போவான். இன்னொரு விஷயம்: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெரியவர்கள் சறுக்கவே கூடாது. பிள்ளையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். நம் எடை அதைத் தள்ளிக்கொண்டு போய் எலும்பை முறித்துவிடும். பாசத்தில் செய்கிற காரியம்தான். நானும் செய்திருக்கிறேன். எனக்கு நேர்ந்தது வேறு, நடுவழியில் இடுப்பு சிக்கிக்கொண்டது.

தரைதான் பெரிய சண்டை. சங்கத்தில் எல்லோருக்கும் இன்டர்லாக் கல் பதிக்க ஆசை. “நீட்டா இருக்கும் சார். தினம் பெருக்கலாம்.” நாலடி உயரத்திலிருந்து பிள்ளை தலைகுப்புற விழுந்தால் கல் அதை எப்படி வாங்கும் என்று கேட்டேன். ஒன்பது அங்குலத்துக்கு ஆற்று மணல் மாதிரி உருண்டை மணல் வேண்டும். கட்டடத்துக்குப் போடும் எம்-சாண்ட் கூடாது, தூசி கலந்து இறுகிவிடும்.

“மணல் போட்டா வெள்ளத்துல போயிடும் சார்” என்றார் ரிட்டையர்டு ஃபோர்மேன் ஒருவர்.

அவர் சொன்னது நியாயம். 2015 டிசம்பர் தண்ணீர் நின்ற கோடு எங்கள் சுவர்களில் இன்னும் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வந்த வெள்ளத்தில் எண்ணெயும் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் கருப்பாக மிதந்தது. எந்தத் தேசத்துக் கையேட்டிலும் இதற்கு அத்தியாயம் இல்லை. நாங்களே எழுதினோம்: மேட்டுப் பக்கம் மணல் தொட்டி, ஒன்றரையடி உயரத்துக்குச் சுவர். அந்தச் சுவர்மேல் பாட்டிகள் உட்காரலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளான் ரெடி. வீட்டு வாசலில் பிரித்து வைத்து ரசித்துக்கொண்டிருந்தேன். மேட்டில் சின்னதுகள். நடுவில் ஐந்திலிருந்து பன்னிரண்டு. கடைசியில் வலை கட்டி, பெரிய பையன்களுக்குப் பந்து விளையாட இடம். இந்தக் கடைசி ஐட்டத்துக்குக் கூட்டத்தில் பலத்த எதிர்ப்பு. ‘12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை’ என்று போர்டே எழுதி வைத்திருந்தார்கள். “ரவுடிப் பசங்க வந்துடுவாங்க சார்.” அந்த ரவுடிப் பசங்களில் ஒருத்தன் இல்லாவிட்டால் என் வீட்டில் இன்று என்ன நிலைமை என்று அவர்களிடம் சொல்ல முடியவில்லை. மனைவிக்குத் தெரிந்துவிடும். வெறுமனே பிடிவாதம் பிடித்து வாங்கினேன்.

பெரியவள் வந்து எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு வயது.

“இதுல எனக்கு என்னப்பா?”

விரலை வைத்துத் தேடினேன். சறுக்கு? அவளுக்குச் சின்னது. ஊஞ்சல்? பன்னிரண்டோடு முடிந்தது. வலைக்குள் பையன்கள்.

“இதோ பார், மரத்தடியில பெஞ்சு போட்டிருக்கேன்.”

“உக்காந்து தம்பியைப் பாத்துக்கவா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் காபி இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால், அவள் தெருவில் ஓடி விளையாடி நான் பார்த்தது எப்போது? இரண்டு வருஷமாவது இருக்கும். சாயங்காலம் இடுப்பில் தம்பியோடு கேட்டருகே நிற்பாள். அந்தத் தெருவில் அந்த வயதுப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான் நிற்கிறார்கள். தினம் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

வியன்னாவில் இதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். 1990-களில் நடந்த ஆய்வில், ஒன்பது வயதுக்குமேல் பெண் பிள்ளைகள் பார்க்குக்கு வருவது சட்டென்று குறைவது தெரிந்தது. இருப்பது ஒரே பெரிய திடல். பையன்கள் பந்தோடு வந்தால் பெண்கள் சண்டை போடாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். 1999-ல் இரண்டு பார்க்குகளில் அந்தத் திடலைத் துண்டு துண்டாகப் பிரித்து, பாதை போட்டு, வாலிபாலுக்கும் பாட்மின்ட்டனுக்கும் இடம் விட்டார்கள். பெண்கள் திரும்பி வந்தார்கள்.

பிளானைக் கிழித்தேன். இரண்டாவது பிளானை அவளும் அவள் சிநேகிதிகள் நாலு பேரும் போட்டார்கள். வலை இடத்தில் பாதி போய் பாட்மின்ட்டன் வந்தது. மரத்தடியில் சிமென்ட் மேடை கட்டி கேரம் போர்டு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் வடசென்னைப் பெண். அந்தப் பெயரைச் சொன்னதும் சங்கம் வாயைத் திறக்கவில்லை. பெஞ்சு ஒன்றுக்கொன்று எதிரெதிராக. “வரிசையா போட்டா எப்படிப்பா பேசறது?”

பிளான் பாஸாகி, மணல் ஒரு லோடு வந்து இறங்கியது. மணலி என்று ஊருக்குப் பெயர் வைத்துக்கொண்டு, மணலை விலை கொடுத்து வாங்கியதைப் பற்றி ஆபீஸில் ஒரு வாரம் கிண்டல். அதோடு வேலை நின்றுவிட்டது. கம்பி இடைவெளியை மூன்று அங்குலமாக்கச் சொன்னதில் கேட்லாக்காரருக்கும் எனக்கும் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கிறது.

போன சனிக்கிழமை ஆபீஸ் முடிந்து அந்தப் பக்கமாக வந்தேன். மணல் குவியலின் அடியில் என் சின்னவன் வகையறா கரண்டியால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எட்டு வயதுக் கூட்டம் உச்சியிலிருந்து குண்டியால் சறுக்கியது. லாரி ஷெட் பையன் ஓடி வந்து குட்டிக்கரணம் அடித்துக் காட்ட, அடுத்து யார் என்று வரிசை. உச்சியின் மறுபக்கம் கால் நீட்டி உட்கார்ந்து, என் பெரியவளும் சிநேகிதிகளும் எதற்கோ வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

டென்மார்க்கில் சோரன்சன் என்றொரு தோட்டக்கலை நிபுணர், தான் அழகாகப் போட்டுக் கொடுத்த மைதானங்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கிற இடங்களில்தான் விளையாடுகிறார்கள் என்று கண்டுபிடித்து, 1943-ல் கோபன்ஹேகன் பக்கம் பழைய பலகை, செங்கல் போட்டே ஒரு மைதானம் திறந்தார். அவருக்கு ஒரு கடிதம் எழுதலாம் போலிருந்தது. அவர் இல்லை.

செயலாளர் போன் பண்ணினார். “சார், பசங்க மணலைப் பூரா கலைச்சிட்டிருக்கானுங்க. வேலை ஆரம்பிக்கிற வரைக்கும் காவலுக்கு யாரையாவது போடணும். ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல முடிவு பண்ணிடலாம்.”

இந்தக் கூட்டத்துக்கு நான் அரை மணி முன்னாலேயே போய் உட்காரப் போகிறேன்.